ஒண்ணாம் நம்பர் பீஸ் எங்கே?

பெரிய ஜர்னலுக்குப் பேப்பர் எழுதுவது எப்படி என்று கேட்டு, மாதத்துக்கு ரெண்டு பேராவது எனக்கு டிராஃப்ட் அனுப்புகிறார்கள். ரிட்டயர் ஆனவள் சும்மாதானே இருப்பாள் என்று நினைப்பு. சும்மாதான் இருக்கிறேன், அது வேற விஷயம். அவர்களுக்குச் சொல்லித்தர என்னிடம் சூத்திரம் எதுவும் கிடையாது. 1991-ல் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பதில் எழுதப் போய்த்தான் நான் பேப்பர் எழுதவே கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், கேட்கிறவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம் பாருங்கள்.

1. ஏழாவது கேள்வி

எங்கள் கம்பெனி தண்டலம் பக்கம், ஹைவேயை ஒட்டி இருந்தது. பஸ், லாரிகளுக்குப் பின் ஆக்சில் ஷாஃப்ட் செய்வோம். இன்ஜின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற எஃகுத் தண்டு அது. வாசலில் 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று ஒரு போர்டு. உள்ளே மூன்றே பேர். மேனேஜர் ராகவன் சார், மெஷின் ஆபரேட்டர் ஏழுமலை, உலோகத்தைச் சோதிக்கிற டிரெய்னி மெட்டலர்ஜிஸ்டாக நான்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டின கவர் பிரித்துக் கிடந்தது. ஏப்ரலில் நாங்கள் அனுப்பின பேப்பருக்குப் பதில்.

"ரிஜெக்ட் பண்ணலை. கேள்வி கேட்டிருக்கான். உக்காந்து படி" என்றார்.

நின்றபடியே படித்தேன். பேப்பரைப் படித்து மதிப்பிட ரெண்டு ரெஃப்ரீ. ஒருவர் நாலு வரியில் நன்றாக இருக்கிறது என்று எழுதி முடித்திருந்தார். இன்னொருவர் பதினொரு கேள்வி கேட்டிருந்தார். ஆறு வரைக்கும் சமாளிக்கக்கூடிய கேள்விகள்தான். ஏழாவது இது: 'இரண்டாம் அட்டவணையில் எல்லா லாட்டிலும் டெஸ்ட் பீஸ்களின் எண் 2-ல் தொடங்கி 8-ல் முடிகிறது. ஒண்ணாம் நம்பர் பீஸ்கள் எங்கே?'

அந்த அட்டவணையை மூன்று தடவை டைப் அடித்தவள் நான். இருநூறு தடவையாவது பார்த்திருப்பேன். அது ரெண்டிலிருந்து தொடங்குகிறது என்று ஒரு நாளும் எனக்குப் பட்டதில்லை. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குப் பட்டிருக்கிறது.

"அறுபது நாள் டைம். நவம்பர்ல டில்லி கமிட்டி வருது, ஞாபகம் இருக்கில்ல?" என்றார் சார்.

மறந்தால்தானே ஞாபகம் வருவதற்கு. எங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்குச் சர்க்கார் அங்கீகாரம் வாங்க கம்பெனி மனு போட்டிருந்தது. பார்வையிட வருகிறவர்களிடம் காட்ட, வெளிநாட்டு ஜர்னலில் ஏற்றுக்கொண்ட ஒரு பேப்பர் வேண்டும். என் ரெண்டு வருஷ டிரெய்னிங் டிசம்பரோடு முடிகிறது, அதற்குள் வேலை நிரந்தரமாக வேண்டும். வருஷ ஆரம்பத்திலேயே சார் சொல்லியிருந்தார்: "பேப்பர் அக்செப்ட் ஆகட்டும், உன் கன்ஃபர்மேஷன் ஃபைலை நானே எம்.டி. ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன். ஆகலைன்னா… பாப்போம்." அந்த 'பாப்போம்' என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. குன்றத்தூரில் அப்பா டெய்லர். கைநடுக்கம் வந்து மெஷினை மூடி வைத்துவிட்டார். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

2. அதற்கு முன்னால் எழுதின லட்சணம்

நாங்கள் எழுதின முதல் டிராஃப்டை இப்போது படித்தால் சிரிப்பு வரும். அப்போது வரவில்லை. முதல் பாராவில் கம்பெனி யாரால், எப்போது, எத்தனை ஏக்கரில் தொடங்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். கடைசியில் 'எல்லா ரிசல்ட்டும் திருப்திகரமாக உள்ளன'. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதிப் பழகின கை, வேறென்ன எழுதும்? கவரிங் லெட்டரில், ஆவன செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறோம் என்று இங்கிலீஷில் ஒரு வரி. ரெஃப்ரீ கைக்கே போகாமல் திரும்பி வந்தது. எடிட்டர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: இது அறிக்கை, ஆராய்ச்சிக் கட்டுரை அல்ல.

எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ரோஷம் வந்தது. சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து, கிண்டிப் பக்கம் ஒரு நூலகத்துக்குப் போனேன். அந்த ஜர்னலின் பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு, நல்ல பேப்பர் என்று பட்டதை வரிக்கு வரி நோட்டில் கையால் எழுதினேன். படித்தால் புரியாத சில விஷயம் கையால் எழுதினால் புரியும். எட்டாவது பேப்பரோ ஒன்பதாவது பேப்பரோ எழுதும்போது உறைத்தது. ஒவ்வொன்றும் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. எங்களுடையதில் கேள்வியே இல்லை. யாரும் கேட்காத பதிலை நாங்களாக எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறோம்.

திரும்ப எழுதினேன். பாராக்களைக் கத்தரியால் வெட்டி லேப் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஏழுமலை தாண்டித் தாண்டிப் போவான். "இன்னா மேடம், ஜோசியமா?" என்பான். கிராஃபை இந்தியன் இங்க்கில் வரைந்தேன். ஒரு சொட்டு சிந்தினால் முதலிலிருந்து வரைய வேண்டும். ஒரே கிராஃபை ஐந்து தடவை வரைந்திருக்கிறேன்.

பேப்பரின் விஷயம் சிக்கலானதில்லை. ஷாஃப்டைச் சூடேற்றிப் பதமாக்குவதில் நாங்கள் ஒரு புது முறை கொண்டுவந்திருந்தோம். அதே முறையில் பதமாக்கின சின்ன டெஸ்ட் பீஸ்களை ஏழுமலையின் மெஷினில் மாட்டி, பாரம் ஏற்றிச் சுற்ற விடுவோம். எத்தனையாவது சுற்றில் உடைகிறது என்பதுதான் அதன் ஆயுள். ஃபர்னஸில், அதாவது உலையில், ஒரே தடவையில் போகிற தொகுதி ஒரு லாட். லாட்டுக்கு எட்டு பீஸ், மொத்தம் பன்னிரண்டு லாட். ஆயுள் கூடியிருந்தது. அதைவிட முக்கியம், எல்லா பீஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஓடியிருந்தன. இந்த மாதிரி டெஸ்டில் அது அபூர்வம். 'சிதறல் மிகக் குறைவு' என்று பேப்பரின் தொடக்கச் சுருக்கமான அப்ஸ்டிராக்டிலேயே பெருமையாக எழுதியிருந்தேன்.

3. பிஸ்கட் டின்

ஏழாவது கேள்வியோடு நேரே ஏழுமலையிடம் போனேன். அவனுக்கு என்னைவிட நாலு வயசு கூட. ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். வீட்டில் நிலம் உண்டு. மெஷினை மாடு குளிப்பாட்டுவது போலத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மேடம், மூஞ்சே செரியில்ல?"

"ஏழுமலை, ஒவ்வொரு லாட்லயும் ஒண்ணாம் நம்பர் பீஸ் என்னாச்சு?"

"அது செட்டிங் பீஸ் மேடம். திருஷ்டிக்குப் பூடும்."

மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்துத் திறந்தான். உள்ளே உடைந்த டெஸ்ட் பீஸ்கள். ஒவ்வொன்றிலும் குங்குமம். லாட் நம்பரும் அதன் பக்கத்தில் 1-ம் பஞ்ச் அடித்திருந்தது.

"புது லாட்டு வந்தா மொத பீஸ மாட்டி மெஷின செட் பண்ணுவேன். அது ஒடையும். பொட்டு வெச்சு உள்ள போட்ருவேன். மொத பீஸ எழுதுனா லாட்டு வெளங்காது மேடம். எனக்கு மின்ன இருந்தவரும் அப்டித்தான் பண்ணாரு."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். அந்த டின் எனக்குத் தெரியாததா? குங்குமம் தீர்ந்துபோனால் என்னிடம்தான் கேட்பான், வாங்கியும் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் தோசையை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? கல் காய்ந்ததா என்று பார்க்க ஒன்று ஊற்றுவோம், அது காக்காய்க்குப் போகும். அது போலத்தான் இதுவும் என்று என் மூளை கேள்வியே கேட்காமல் விட்டிருக்கிறது.

"எவ்வளவு சுத்துல உடைஞ்சது இதெல்லாம்?"

"அத்த யாரு பாத்தா? திருஷ்டி பீஸுக்கு இன்னா கணக்கு?"

ராகவன் சாரிடம் சொன்னேன். அவருக்குப் பெரிய நிம்மதி.

"அவ்வளவுதானே? ஒவ்வொரு லாட்டிலும் முதல் பீஸ் மெஷின் செட்டிங்குக்குப் பயன்படுத்தப்பட்டது, கணக்கில் சேர்க்கப்படவில்லைன்னு ஒரே வரி எழுது. உண்மைதானே அது?"

உண்மைதான். டைப் அடித்தேன். ஒரு வரி, ஒரு பொய் கிடையாது. அன்றைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த நிம்மதி ஒரு நாளைக்குத்தான் இருந்தது.

4. நிற்காத கவுண்டர்

மறுநாள் அந்த வரியோடு ஒரு விவரம் சேர்க்கலாம் என்று நினைத்தேன். செட்டிங்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"பத்து நிமிஷம் மேடம்" என்றான் ஏழுமலை.

"பத்து நிமிஷத்துல உடைஞ்சிடுமா?"

"எங்க ஒடையும்? செட்டிங் முடிஞ்சாலும் அத்தயே ஓட வுட்ருவேன். ஒடையற வரிக்கும் ஓடும். ஒடைஞ்சாத்தான திருஷ்டி கழியும்?"

எனக்கு ஏதோ இடித்தது. "அப்போ சுத்தை எண்ணற கவுண்டர்? அதுவும் கூட ஓடுமா?"

"ரீசெட் குமிழ் ஒடைஞ்சு ரெண்டு வருசம் ஆவுது. அது பாட்டுக்கு ஓடிக்கினேதான் கீது."

ஒவ்வொரு பீஸுக்கும் ஆரம்பத்தில் கவுண்டர் என்ன எண்ணில் நின்றது, முடிவில் என்ன எண்ணில் நின்றது என்று ரெண்டையும் ரெஜிஸ்டரில் எழுதுவோம். கழித்தால் ஆயுள். கவுண்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடியாததால் வந்த பழக்கம் அது. அப்படியானால் ஒரு லாட்டின் எட்டாம் நம்பர் முடிந்த எண்ணுக்கும், அடுத்த லாட்டின் ரெண்டாம் நம்பர் தொடங்கின எண்ணுக்கும் நடுவில் ஓடினது யார்? ஒண்ணாம் நம்பர்தான். நாங்கள் எழுதாமல் விட்டதைக் கவுண்டர் எழுதி வைத்திருக்கிறது.

ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் லாட்டுக்கு முந்தின வேலையின் கடைசி எண்ணும் அதில் இருந்ததால் பன்னிரண்டு கழித்தல் கணக்கு. அட்டவணையில் இருந்த பீஸ்களில் எதுவும் அறுபது லட்சம் சுற்றுக்குக் குறைந்து உடைந்ததில்லை. ஒண்ணாம் நம்பர்களில் மூன்றுதான் அப்படி ஓடியிருந்தன. மற்ற ஒன்பதும் பதினைந்து லட்சம்கூடத் தாண்டவில்லை. ஒன்று நாலு லட்சத்திலேயே போயிருந்தது. கணக்கைத் திரும்பப் போட்டேன். அதே விடைதான்.

செட்டிங் சரியாகாமல் ஆட்டம் கண்டிருக்கும், அதனால் சீக்கிரம் உடைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மனசார அது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உண்மையா இல்லையா என்று பார்க்க ஒரே வழிதான். பீஸ்களை வெட்டிப் பார்க்க வேண்டும்.

5. கதவுப் பக்கம்

"தொடாதீங்க மேடம், கழிச்ச பீஸு" என்றான் ஏழுமலை. அவன் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது.

"எனக்கு வர்றது வரட்டும். ஏற்கெனவே வந்துதான் இருக்கு."

குங்குமத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, குறுக்கே வெட்டி, பாலிஷ் போட்டு, மேல்தோலின் கெட்டித்தன்மையை, அதாவது ஹார்ட்னெஸை, அளந்தேன். சீக்கிரம் உடைந்த ஒன்பதிலும் தோல் மெத்தென்று இருந்தது. நன்றாக ஓடின மூன்றில் கெட்டியாக இருந்தது. மெஷின் மேல் தப்பில்லை. ஃபர்னஸிலிருந்து வரும்போதே அந்த ஒன்பதும் கெட்டுப்போய்த்தான் வந்திருக்கின்றன.

ஏன் ஒண்ணாம் நம்பர் மட்டும் கெட வேண்டும்? ஃபர்னஸ் ஷாப்புக்கு ஓடினேன். அங்கே தாஸ் என்று ஒருவர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார், அதிகம் பேசமாட்டார்.

"தாஸ் அண்ணே, டெஸ்ட் பீஸுக்கு நம்பர் யார் அடிக்கிறது?"

"நான்தாம்மா."

"எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

"டிரேயில கதவுப் பக்கத்துலேருந்து. அங்கதான கை எட்டும்."

ஆக, ஒண்ணாம் நம்பர் என்றால் எப்போதும் கதவை ஒட்டினது. கதவைப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி அடைக்கிற ஆஸ்பெஸ்டாஸ் கயிறு பாதிக்கு மேல் கரிந்து உதிர்ந்திருந்தது. அந்தச் சந்தில் காற்று புகுந்தால் எஃகின் மேல்தோலில் இருக்கிற கார்பன் எரிந்துபோகும், தோல் மெத்தென்று ஆகிவிடும். இதற்கு ஜர்னல் எதுவும் வேண்டாம், டிப்ளமோ பையனே சொல்வான்.

"இந்தக் கயிறு எப்ப மாத்தினது?"

"புதுசு கேட்டு இண்டென்ட் போட்டு ஒண்ணரை வருஷம் ஆவுது" என்றார் தாஸ். அவர் குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை.

அதே ஃபர்னஸில், அதே டிரேயில்தான் டெஸ்ட் பீஸ்களுக்குப் பக்கத்தில் நிஜ ஷாஃப்டுகளும் போகும். கதவுப் பக்கத்து ஷாஃப்டுகள் ஒன்றரை வருஷமாக எந்தெந்த வண்டிக்குப் போயினவோ.

அன்று சாயங்காலம் குன்றத்தூர் பஸ்ஸில் எனக்குப் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட் கிடைத்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கீழே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். இது யார் ஷாஃப்ட்? கதவுப் பக்கமா, உள்பக்கமா? சீட்டை விட்டு எழுந்து முன்பக்கம் போய்க் கூட்டத்தோடு நின்றேன். முன்னால் நின்றால் ஷாஃப்ட் உடையாதா என்ன? பைத்தியக்காரத்தனம்தான். அந்த மாதம் முழுக்க நின்றுகொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

6. ரெண்டு பதில்

பதில் போய்ச்சேர வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னால் ராகவன் சார் ரூமுக்குப் போனேன். கையில் ரெண்டு பதில் டைப் அடித்து வைத்திருந்தேன். ஒன்று அந்த ஒற்றை வரி இருந்த ஒரு பக்கப் பதில். இன்னொன்று ஒன்பது பக்கம். பன்னிரண்டு கழித்தல் கணக்கு, ஹார்ட்னெஸ் ரீடிங், வெட்டின பீஸ்களின் போட்டோ, கதவுப் பக்கம் எல்லாம் அதில் இருந்தது. எங்கள் அப்ஸ்டிராக்டில் 'சிதறல் மிகக் குறைவு' என்று எழுதினது தவறு என்பதும் இருந்தது. பேப்பர் சார் பேரில் போனது. கையெழுத்து அவருடையதுதான் வேண்டும்.

பிஸ்கட் டின்னையும் மேஜை மேல் வைத்தேன்.

ஒன்பது பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை அனுப்பினா பேப்பர் போச்சு, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அந்த ஒரு வரியில பொய் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற மாதிரி இருக்கு சார். அந்த ரெஃப்ரீக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தினம் நான் பஸ்ல போறேன் சார், உக்கார முடியலை."

சார் டின்னைத் திறந்து, வெட்டின பீஸ் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். அந்தப் பிரிவைத் தொடங்க அவர் நாலு வருஷம் அலைந்தது எனக்குத் தெரியும்.

"உன் கன்ஃபர்மேஷனும் இதுல நிக்குது. உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் பயமா இருக்கு சார். எந்தப் பயத்தைக் கூட வெச்சுக்கிட்டு இருக்க முடியும்னுதான் பாக்கறேன்."

"ரெண்டையும் வெச்சுட்டுப் போ" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசினார்கள். கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஏழுமலை தன் மெஷினுக்கு எல்லோரையும் விடப் பெரிய மாலை போட்டிருந்தான். எனக்குக் கொடுத்த பொரி கடலையைப் பொட்டலம் பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். சார் ஒரு ஓரமாக நின்றார்.

லீவு முடிந்து வந்த அன்று ஒட்டின கவர் ஒன்றை என்னிடம் நீட்டினார். "ஸ்ரீபெரும்புதூர் போஸ்ட் ஆபீஸ்ல ஏர்மெயில் போட்டுட்டு வா. இனிமே கன்ஃபர்மேஷன்னு சொல்லிட்டு என் ரூமுக்கு வராதே."

வழியெல்லாம் கவரைக் கையில் அழுத்திப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். எந்தப் பதில் என்று தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லை. போஸ்ட் ஆபீஸ் கௌன்டரில் இருந்தவர் அதைத் தராசில் வைத்தார்.

"வெயிட்டா கீதே. போட்டோ எதனா வெச்சிருக்கீங்களா?"

"ஆமாம், போட்டோதான்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஸ்டாம்பை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

7. பிறகு

டிசம்பரில் பதில் வந்தது. இந்த நிலையில் பேப்பரை ஏற்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் எடிட்டர் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஒண்ணாம் நம்பர் பீஸ்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினால் படிக்க விரும்புவேன்.'

கமிட்டி வந்தது, பார்த்தது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று போனது. என் டிரெய்னிங்கை ஆறு மாசம் நீட்டினார்கள். அந்த ஆர்டரை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்ட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. "நீட்டிதானே இருக்கான், நிறுத்தலையே" என்றார். அவர் கை நடுக்கத்தில் தாள் சரசரத்தது. நான் பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன்.

ஃபர்னஸ் கதவுக்குப் புதுக் கயிறு, அந்தக் கவர் தபாலில் போன வாரமே வந்துவிட்டது. கதவுப் பக்கத்து ஷாஃப்டுகளைத் தனியாகப் பிரித்து ஹார்ட்னெஸ் பார்க்க வேண்டும் என்று ரூல் வந்தது. வெளியே போன லாட்டுகளைத் திரும்ப வரவழைக்க ராகவன் சார் எம்.டி.யிடம் என்ன சொன்னார், என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ரூம் கதவு சாத்தியிருந்தது. ஆனால் லாட்டுகள் திரும்பி வந்தன. அதன் பிறகு பஸ்ஸில் சீட் கிடைத்தால் உட்கார ஆரம்பித்தேன்.

எடிட்டர் கேட்ட கட்டுரையை எழுதத் தொடங்கினோம். இந்தத் தடவை கேள்வியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. புது லாட்டுகளுக்கு ஒண்ணாம் நம்பரிலிருந்து எழுத வேண்டும் என்று ஏழுமலையிடம் சொன்னேன். ரொம்ப யோசித்தான்.

"எழுதிக்கலாம் மேடம். அப்ப திருஷ்டிக்கு நான் தனியா ஒரு பீஸு போட்டுக்கறேன். அதுக்கு ஸீரோ நம்பர் குடுத்துருங்க."

"ஸீரோவும் ரெஜிஸ்டர்ல ஏறணும் ஏழுமலை."

"அது இன்னா மேடம் நாயம்? எதாவது ஒண்ண வுட்டுத்தான ஆவணும்?"

"எலுமிச்சம்பழம் வாங்கித் தரேன். அதை விட்டுக்கோ."

அரை மனசாக ஒத்துக்கொண்டான். அட்டவணை பூஜ்யத்தில் தொடங்கியது. அடுத்த வருஷம் அதே ஜர்னலில் பேப்பர் ஏற்கப்பட்டபோது ஒரு ரெஃப்ரீ ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'ஒண்ணாம் நம்பரைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. இந்தப் பூஜ்யம் யார்?' ஏழாவது கேள்வி கேட்டவர் இவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழுமலையின் பேரை நன்றிப் பகுதியில் போட்டோம். வந்த பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டோ போடலியா?" என்று கேட்டான்.

கன்ஃபர்மேஷன் ஆர்டரும் கையில் வந்தது, சொன்னதற்கு ஏழு மாசம் தாமதமாக. ராகவன் சார் அதைத் தன் கையால் கொடுக்கவில்லை, பியூனிடம் அனுப்பினார். அவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேப்பர் எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இங்கிலீஷைத் திருத்த ஆள் கிடைப்பார்கள். எழுதாமல் விட்டது எது என்று நீங்கள்தான் தேட வேண்டும். பழக்கத்தில் விட்டது கண்ணில் படாது. அட்டவணையில் முதல் வரியைப் பாருங்கள், அது எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் தெரிவதற்கு முன்னாலேயே பயம் வந்துவிட்டது, அது என் அதிர்ஷ்டம்.

ராகவன் சார் ரிட்டயர் ஆன அன்று, மாலையெல்லாம் போட்டு முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பழுப்பேறின ஒரே பக்கம். ஆயுத பூஜைக்கு முன்னால் நான் டைப் அடித்துக் கொடுத்த அந்த ஒற்றை வரிப் பதில். கீழே அவர் கையெழுத்து இருந்தது.

"முதல்ல இதுலதாம்மா கையெழுத்துப் போட்டேன். கவர்ல வெச்சு ஒட்டியும் வெச்சுட்டேன். பூஜை லீவுலதான் பிரிச்சேன்."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே சார்."

"ஒண்ணாம் நம்பரை எடுத்துவைக்கணும்னு நீதானே ஒன்பது பக்கம் எழுதினே?" என்றார்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. டிராஃப்டோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.